சாம்பிள் நூறு கிராம்

ஜீப்பு எஸ்டேட்டுக்குச் சொந்தம். அது நிற்கும் இடம் ரேணுகா வீட்டு வாசல். சாவி தொங்குவது ரேணுகா வீட்டுக் கதவுக்குப் பக்கத்து ஆணி. மூன்று சாவிகளை அடுத்தடுத்துத் தொலைத்த டிரைவர் பால்பாண்டியிடம் நான்காவதைக் கொடுத்துவைக்க எஸ்டேட் மேனேஜருக்கு மனம் வரவில்லை. ஆகவே காலை ஆறு மணிக்குச் சாவி இருக்கும், ஜீப்பு இருக்கும், தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பதினான்கு பெண்கள் இருப்பார்கள். பால்பாண்டி மட்டும் சில நாள் இருக்க மாட்டார்.

பால்பாண்டிக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். ராசிங்காபுரத்தில் காதுகுத்து இருக்கும், தேவாரத்தில் கருமாதி இருக்கும். சொந்தத்தில் யாருக்கும் எதுவும் நடக்காத வாரத்தில் அவருக்கே இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குப் போடிமெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்தில் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலக்காட்டுக்குப் போக வழியில்லை. வேலை இல்லை, கூலியும் இல்லை. போன இரண்டு மாதத்தில் இப்படிப் பதினோரு நாள்.

பதினோராவது நாள் காலையில் ரேணுகா ஆணியைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள்.

"ஏக்கா, இத நம்மளே ஓட்டுனா என்ன?"

அன்னக்கொடி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். பதினான்கு பேரில் மூத்தவள் அவள்தான். வாயும் அவளுக்குத்தான் நீளம். "ஓட்டலாம்டி. பதினேழு வளைவுல மொத வளைவுலயே இறங்கிருவோம். ரோட்டு வழியா இல்ல."

"கத்துக்கிட்டா?"

"யாரு கத்துக் குடுப்பா? பால்பாண்டியா? அவன் வந்தாத்தான் ஜீப்பே போயிருமே."

சிரித்துவிட்டுக் கலைந்து போனார்கள். ரேணுகா மட்டும் போகவில்லை. ஒன்பது வருடமாக முன்சீட்டில் பால்பாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கால் எதை மிதிக்கிறது, கை எதை இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருபவள் அவள். மேனேஜரிடம் ஒருமுறை கேட்டும் இருக்கிறாள். லைசென்ஸ் இருந்தால் யார் ஓட்டினாலும் போதும் என்று அவர் மலையாளமும் தமிழும் கலந்து சொன்ன பதில் அவளுக்கு மனப்பாடம். "லைசென்ஸ் உண்டெங்கில் ஆரு ஓட்டினாலும் மதி சேச்சி. ஜீப்பு இவிட எத்தணும், அவ்வளவுதான்."

அவள் டிரைவிங் ஸ்கூலுக்கே போய் விசாரித்தாள். அங்கே சொன்ன தொகையைக் கேட்டதும், குடித்த தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

இந்த இடத்தில்தான் காசிராஜன் உள்ளே வருகிறார். அவர் எந்த இடத்திலும் உள்ளே வருவார்.

காசிராஜன் வடக்குப் புதுத்தெரு நலச்சங்கத்தின் நிறுவனர், தலைவர், செயலாளர். சங்கத்தில் பணம் இல்லாததால் பொருளாளர் தேவைப்படவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் எழுத்து அவரை விடவில்லை. அவர் அதை விடவில்லை என்றும் சொல்வார்கள். பொட்டிபுரம் மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, ஆதரித்து ஒரு மனுவும் எதிர்த்து ஒரு மனுவும் ஒரே நாளில் அனுப்பிவைத்தார். எது நடந்தாலும் தெருவின் குரல் கேட்கப்பட்டதாக ஆகும் அல்லவா.

அவர் சென்னையிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்திருந்தார். 'அண்டைவீடு அறக்கட்டளை' என்று ஒன்று இருக்கிறது. தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து ஏதாவது பயிலரங்கம் நடத்த விரும்பினால் சிறு நல்கை கொடுக்கிறது. நல்கை என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் என்று அவர் விளக்கியபோது தெருவே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தது. இதற்கு முன் அவர் ஆறு விண்ணப்பங்கள் போட்டிருந்தார். யானை விழிப்புணர்வுக்கு ஒன்று, எண்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான யோகாவுக்கு ஒன்று, மற்ற நான்கும் எதற்கு என்று அவருக்கே நினைவில்லை. ஆறும் திரும்பி வந்துவிட்டன.

"தலைவரண்ணே, டிரைவிங் பழகுறதுக்குக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள் ரேணுகா.

காசிராஜன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் தலைப்பு வருகிறது என்று அர்த்தம். கண்ணைத் திறந்ததும் சொன்னார்:

"மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரல் உழைக்கும் மகளிர் தற்சார்பு இயங்குதிறன் மேம்பாட்டுப் பயிலரங்கம். முதற்கட்டம்."

"இதுல ஜீப்பு எங்க இருக்கு?" என்றாள் அன்னக்கொடி.

"இயங்குதிறன்."

"ஓகோ. அப்ப பால்பாண்டி?"

"அவர் 'சவால்கள்' என்ற பகுதியில் வருவார்."

படிவம் இரண்டே பக்கம்தான். கேட்டிருந்த கேள்விகளும் சாதாரணமானவை. 'இதனால் யாருக்குப் பயன்? ஐம்பது சொற்களுக்குள் எழுதவும்.' காசிராஜன் அந்தக் கட்டத்தில் 'இணைப்பு காண்க' என்று எழுதி நான்கு பக்கம் இணைத்தார். இணைப்பு சங்ககாலத்தில் தொடங்கியது. மூன்றாம் பக்கத்தின் கடைசியில்தான் போடிநாயக்கனூர் வந்தது. 'பயிலரங்கின் விளைவை எப்படி அளப்பீர்கள்?' என்பது இன்னொரு கேள்வி.

"ஜீப்பு மலைக்குப் போனா விளைவு இருக்கு. போகலேன்னா இல்ல. அப்படி எழுதுங்கண்ணே" என்றாள் ரேணுகா.

காசிராஜன் இரக்கத்தோடு சிரித்து, 'முன்-மதிப்பீடும் பின்-மதிப்பீடும் மேற்கொள்ளப்படும்' என்று எழுதினார்.

ரேணுகா, அன்னக்கொடி, இன்னும் நான்கு பேர் என்று ஆறு பேருக்குப் பயிற்சியும் லைசென்சும். கேட்டது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் சென்னை போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை அதைப் பதிவுத் தபாலில் அனுப்ப ஆள் வேண்டியிருந்தது. அதிர்ஷ்டவசமாக அன்றும் பால்பாண்டி வரவில்லை. ஆகவே ரேணுகாவுக்கு வேறு சோலி இல்லை. பன்னிரண்டாவது நாள்.

அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் அவள் வாசித்துப் பார்த்தாள். பத்தாவது வரை படித்தவள்தான். எழுத்துகள் எல்லாம் தெரிந்தன. ஆனால் அதில் அவள் இல்லை. ஜீப்பு இல்லை. ஆணி இல்லை. ஆறு மணிக்கு நிற்கும் பதினான்கு பேர் இல்லை. 'விளிம்புநிலை இயக்கமின்மை' என்று ஒன்று மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

மழைக்காலத்தில் மலையில் காய் எடுக்கப் போகாத நாட்களில் ரேணுகா போடியில் ஒரு ஏலக்காய் கடையில் காய் பொறுக்கப் போவாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எத்தனை மூட்டை ஏலத்துக்குப் போனாலும், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஒரு சின்னப் பொட்டலத்தில் சாம்பிள் போகும். வாங்க வந்தவர்கள் காகிதத்தைப் பார்ப்பதில்லை. பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, ஒரு காயை உடைத்து வாயில் போட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்கள். சாம்பிள் இல்லாத மூட்டையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். பன்னிரண்டு வருடமாக இதைப் பார்த்துவிட்ட ஒருத்திக்கு, இத்தனை பெரிய கவரை வெறும் காகிதத்தோடு சென்னைக்கு அனுப்ப எப்படி மனசு வரும்?

தீபாவளிக்கு எஸ்டேட்டில் ஆளுக்குக் கால் கிலோ கொடுத்த உலர்ந்த பச்சை ஏலக்காயில் மிச்சம் இருந்தது. சல்லடையில் சலித்து எட்டு எம்.எம். காயாகப் பொறுக்கி, பெட்டிக்கடைத் தராசில் நூறு கிராம் நிறுத்துப் பொட்டலம் கட்டினாள். கடையில் ஒட்டுவதுபோலவே ஒரு சீட்டும் எழுதி ஒட்டினாள்: 'சாம்பிள். 100 கிராம். நாங்கள் எடுத்த காய். ஜீப்பு இருக்கு, சாவி இருக்கு, டிரைவர் வராத நாள் 12. ரேணுகா.'

கவர் கொஞ்சம் புடைத்தது. தபால் ஆபீசில் முகர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. காசிராஜன் அதைத் தெருமுனையில் நின்று சத்தமாக வாசிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியில் சத்தத்தைக் குறைத்து, மூன்றாவது வரியில் வீட்டுக்குள் போய்விட்டார். விதி ஒன்பதின்படி, விண்ணப்பத்தோடு அன்பளிப்பு, இனிப்பு, பொன்னாடை முதலிய எதை அனுப்பினாலும் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும். தங்கள் விண்ணப்பத்துடன் ஏலக்காய் பெறப்பட்டது. விசாரணைக்காகவும், அன்பளிப்பைத் திருப்பி ஒப்படைப்பதற்காகவும் அலுவலர் ஒருவர் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருவார்.

"சதி" என்றார் காசிராஜன், கூட்டப்பட்ட அவசரக் கூட்டத்தில். "தெற்குப் புதுத்தெருக்காரன் வேலை. ஆறு தடவை தோற்ற நான் ஏழாவது தடவை ஜெயித்துவிடுவேனோ என்கிற பயம் அவனுக்கு."

"நான்தாண்ணே வச்சேன்" என்றாள் ரேணுகா.

கூட்டத்தில் இருந்த நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"லஞ்சமா?"

"சாம்பிள்ணே."

"சென்னைக்காரனுக்கு சாம்பிளுக்கும் லஞ்சத்துக்கும் வித்தியாசம் தெரியுமா? முப்பத்தொரு வருடம் கை நீட்டாமல் வேலை பார்த்தவன் நான். இப்போது ஏலக்காய் வழக்கில் மாட்டிக்கொண்டேன்."

"கை நீட்டல சரி, உங்ககிட்ட யாரு நீட்டுனா?" என்றாள் அன்னக்கொடி. அவர் வேலை பார்த்தது தபால் அனுப்பும் பிரிவில் என்பது தெருவுக்கே தெரியும்.

ரேணுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது ஆணியைப் பார்க்காமல் நுழைந்தாள். தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பு சோற்றில் கல்லாக உறுத்தியது.

காசிராஜன் செவ்வாய்க்கிழமை முழுவதும் தயாரானார். விளக்க உரை ஆறு பக்கம். அலுவலருக்குப் போர்த்த ஒரு பொன்னாடை. விதி ஒன்பதில் பொன்னாடை பெயர் சொல்லியே இருக்கிறது என்று ரேணுகா சுட்டிக்காட்டியதும், "அது விண்ணப்பத்தோடு அனுப்பினால். நேரில் போர்த்தினால் பண்பாடு" என்றார்.

அலுவலர் பத்து மணிக்கு வரவில்லை. சென்னை பஸ் போடிக்கு வந்து சேர்ந்ததும் லாட்ஜ் எதற்கு வீண் செலவு என்று ஆட்டோ பிடித்து, ஆறே காலுக்கே தெருவில் வந்து இறங்கிவிட்டாள். பெயர் கார்முகில். முப்பது வயதுகூட இருக்காது. முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம்.

எதிரே ஜீப்பு நின்றது. அதைச் சுற்றித் தூக்குச்சட்டியோடு பதினான்கு பெண்கள் நின்றார்கள். யாருக்கும் பேச்சில்லை.

"ஏதாவது போராட்டமா?" என்று கேட்டாள் கார்முகில்.

"இல்ல தாயி. டிரைவர் வரல. பால்பாண்டிக்குச் சொந்தக்காரங்க முந்தல் ஊர்ல புதுவீடு குடிபோறாங்களாம்" என்றாள் அன்னக்கொடி.

காசிராஜன் வேப்பங்குச்சியும் துண்டுமாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்தவர், அடையாள அட்டையைப் பார்த்ததும் உள்ளே ஓடினார். அவர் சட்டை மாட்டி, ஆறு பக்கத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் விசாரணை ஜீப்பின் முன்பக்கத்து மூடியின்மேலேயே தொடங்கிவிட்டது.

கார்முகில் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வைத்தாள். கூடவே ஒரு ரசீது. 'அன்பளிப்பாக அனுப்பிய ஏலக்காய் 100 கிராம், பிரிக்கப்படாத நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.'

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் விளக்கம் எழுதிக்கலாம்."

ரேணுகா பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். பேனாவை வாங்கவில்லை. பொட்டலத்தை மேலும் கீழுமாக லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

"இது நூறு இல்லையே."

"நூறுதான். சீட்டுல இருக்கே."

"சீட்டு நான் எழுதுனது. காய் எம்புட்டு இருக்குன்னு கைக்குத் தெரியும். எழுவத்தஞ்சு, எழுவத்தாறு இருக்கும். முடிச்சும் என் முடிச்சு இல்ல."

அன்னக்கொடி பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு பெட்டிக்கடைக்கு நடந்தாள். கூடவே பன்னிரண்டு பேர் போனார்கள். தராசு எழுபத்தாறு காட்டியது. திரும்பி வந்து பொட்டலத்தை மறுபடி அதே இடத்தில் வைத்தார்கள். கார்முகிலின் முகம் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது.

"எங்க இயக்குநர்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு வேறு வழியில்லாமல் சொன்னாள். "அவருக்கு டீல ஏலக்காய் இருக்கணும். ஒரு நாள் ஆபீஸ்ல தீர்ந்துபோச்சு. ரெண்டே ரெண்டு காய்தான்னு எடுத்தாங்க. ரொம்ப வாசனையா இருந்ததா, அப்புறம் தினமும்..."

காசிராஜன் சரியாக இந்த நேரத்தில் வந்து சேர்ந்தார். விஷயம் காதில் விழுந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். முப்பத்தொரு வருட வேலையில் அவருக்குக் கிடைக்காத ஒன்று, பிறர் செய்த தவறு, எழுத்துபூர்வமாகக் கைக்குக் கிடைத்துவிட்டது.

"விதி ஒன்பது, உட்பிரிவு இரண்டு" என்றார். "பெறப்படும் அன்பளிப்பு பிரிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட வேண்டும். அன்பளிப்பை அனுபவித்தவர் அனுப்பியவரை விசாரிப்பது எந்த ஊர் நியாயம்? இதை நான் மேலிடத்துக்கு..."

"தலைவரண்ணே, செத்த சும்மா இருங்க" என்றாள் ரேணுகா.

மேலிடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு வேலை போகும், இயக்குநருக்கு வேறு ஊரிலிருந்து ஏலக்காய் வரும், ஆணியில் சாவி தொங்கும்.

"இங்க பாருங்க தாயி. அன்பளிப்புன்னா முழுசாத் திருப்பணும், சரி. இது அன்பளிப்பு இல்ல. சாம்பிள்னு எழுதித்தான் ஒட்டியிருக்கேன். சாம்பிள்னா பாக்குறதுக்கு அனுப்புறது. பிரிப்பாக, கடிப்பாக, கீழ கொட்டுவாக. குறையத்தான் செய்யும். டீ போட்டுப் பாத்திருக்கீக, அது இன்னும் நல்லாப் பாத்தது. திருப்பித் தர்ற வழக்கமே கெடையாது. இந்த ஊர்ல எந்தக் கடையில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

கார்முகில் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ரசீதைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதுத் தாளில் மெதுவாக எழுதினாள்: 'பொருள் அன்பளிப்பு அன்று. வட்டார வணிக வழக்கப்படி அனுப்பப்பட்ட மாதிரி. ஆய்வில் ஒரு பகுதி செலவாயிற்று.'

"சாம்பிள் சரி. எதுக்கு வச்சீங்க?"

"அந்த நாலு பக்கத்துல எங்களக் காணோம் தாயி. அதான்."

"நாங்களும் தேடினோம்" என்றாள் கார்முகில். "மூணு பேரு படிச்சோம். உங்க சீட்டைப் பாத்த பிறகுதான் இது ஜீப்பு சமாசாரம்னு தெரிஞ்சது."

காசிராஜன் தொண்டையைச் செருமினார். "முன்-மதிப்பீடு, பின்-மதிப்பீடு என்று தெளிவாகவே..."

"அது என்ன தாயி, முன்-மதிப்பீடு?" என்று ரேணுகா கேட்டாள்.

"பயிற்சிக்கு முன்னாடி உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு பாக்கறது."

"அம்புட்டுத்தானா."

அவள் வீட்டுக்குள் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று யாருக்கும் புரிவதற்குள் டிரைவர் சீட்டில் இருந்தாள். ஒன்பது வருடம் பார்த்த வித்தை. சாவியைத் திருப்பினாள், ஜீப்பு உறுமியது. கியரைப் போட்டாள், விழுந்தது. பெண்கள் தூக்குச்சட்டிகளை அள்ளிக்கொண்டு ஒதுங்கினார்கள். கிளட்சிலிருந்து காலை எப்படி எடுக்க வேண்டும் என்பது மட்டும் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற சங்கதி இல்லை. ஜீப்பு தவளைபோல மூன்று முறை தாவி, எதிரில் நின்ற வடக்குப் புதுத்தெரு நலச்சங்கப் பெயர்ப்பலகையை முட்டி, அதை வணக்கம் வைக்கிற மாதிரி வளைத்துவிட்டு அணைந்தது.

காசிராஜன் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவர் பெயர் மூன்று பதவிகளோடு இப்போது தரையைப் பார்த்துக் கிடந்தது.

"அது இரும்புப் பலகை" என்றார் ஈனசுரத்தில்.

கார்முகில் தாளில் இன்னொரு வரி சேர்த்தாள். 'முன்-மதிப்பீடு நிறைவுற்றது. பயிற்சி அவசியம். அவசரம்.'

ஆவணியில் நல்கை வந்தது. அந்த நீளத் தலைப்போடேதான் வந்தது, முதற்கட்டம் உட்பட. ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினார்கள். முதலில் மைதானத்தில், பிறகு முந்தல் சாலையில், அதற்குப் பிறகு பக்கத்தில் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு மலையில். அன்னக்கொடி வளைவுக்கு வளைவு ஒரு சாமிக்கு நேர்ந்துகொண்டாள். பதினேழாவது வளைவில் சாமிகள் தீர்ந்துபோய் முதல் சாமிக்கே மறுபடி வந்தாள். ரேணுகா டெஸ்டில் ஒரு தடவை தோற்று, இரண்டாவது தடவை தேறினாள். மேனேஜர் லைசென்சை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "மதி" என்றார்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஆறு மணி. பால்பாண்டி இல்லை. ஒரு அத்தை மகனுக்கு நிச்சயம் என்று தகவல் வந்தது.

ரேணுகா சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். ஆணி வெறுமையாக நின்றது. வாசலில் மற்ற பதின்மூன்று பேரும் வழக்கம்போல அல்லாமல் சளசளவென்று பேசிக்கொண்டு ஏறினார்கள். முன்சீட்டை அன்னக்கொடி பிடித்துக்கொண்டாள்.

தகவல் எப்படியோ காசிராஜனுக்கும் போயிருந்தது. சட்டையைச் சரியாக மாட்டிக்கொண்டு, போன தடவை போர்த்த முடியாமல் போன அதே பொன்னாடையும் கையில் தாளுமாக ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

"வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பின்-மதிப்பீட்டு வேளையில்..."

"அண்ணே, வெரசா ஏறுங்க, இல்லேன்னா வழிய விடுங்க. ஏழரைக்குக் காட்டுல இருக்கணும்" என்றாள் ரேணுகா.

"இரண்டே பக்கம்தானம்மா."

"உங்க ரெண்டு பக்கம் எங்களுக்குத் தெரியும்" என்றாள் அன்னக்கொடி. "பலகைக்கு ஆன கதி ஞாபகம் இருக்கட்டும்."

அவர் ஒதுங்கினார். ஜீப்பு தாவவில்லை. கிளட்ச் மெல்ல விடுபட, வண்டி நழுவிக் கிளம்பித் தெருமுனையில் திரும்பி மலைப் பக்கம் போனது. சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் காசிராஜன் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் உண்மையாகவே ஒரு சந்தோஷம் இருந்தது. கையில் பொன்னாடையும் உரையும் இருந்தன. இவை இரண்டும் இருந்து ஆள் இல்லாமல் போவது அவர் வாழ்க்கையில் புதிதல்ல என்றாலும், இந்தத் தடவை அவருக்குத் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பால்பாண்டி அவசரமாகச் சைக்கிளில் வந்து இறங்கினார். நிச்சயம் நின்றுபோய்விட்டதாம். ஜீப்பு நிற்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"ஜீப்பு எங்கண்ணே?"

காசிராஜன் நடந்து போய் பால்பாண்டியின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார், சைக்கிள் கைப்பிடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார், தாளை விரித்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.